கிராங்க்கேஸ் காற்றோட்ட அமைப்பு: வரலாறும் பழுதறிதலும்

கிராங்க்கேஸ் காற்றோட்ட அமைப்பு என்பது, பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள அறையில் சேரும் வாயுக்களை உறிஞ்சி, அவற்றை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பி எரித்துவிடும் ஏற்பாடு ஆகும். இது பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் என்றும், சுருக்கமாகப் பி.சி.வி. என்றும் அழைக்கப்படுகிறது. பல கார்களில் இது விரல் நீளமுள்ள ஒரு வால்வும் இரண்டு ரப்பர் ஹோஸ்களும் மட்டுமே. ஆனாலும் அமெரிக்காவில் காற்று மாசைக் குறைப்பதற்காகக் கார்களில் பொருத்தப்பட்ட முதல் கருவி என்ற இடம் இதற்கு உண்டு. 1961ஆம் ஆண்டு மாடல் கார்களில், கலிபோர்னியா மாநிலத்தில் இது அறிமுகமானது.

இந்த அமைப்பைப் புதிதாக மாற்றிய பிறகு எஞ்சின் முன்னைவிட மோசமாக ஓடுகிறது என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் புகார். ஐடிலிங் ஏறி இறங்கும், எங்கிருந்தோ விசில் சத்தம் வரும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், அல்லது எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும். சின்ன வால்வு ஒன்றை மாற்றியதற்கு இவ்வளவு தொல்லையா என்ற கேள்விக்கு விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. ஒரு காலத்தில் கழிவை வெளியே விடும் வெறும் குழாயாக இருந்த இது, பின்னர் எஞ்சின் சுவாசிக்கும் பாதையின் ஒரு பகுதியாக மாறியது. அந்த மாற்றம் ஏன், எப்படி நிகழ்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பழுதைக் கண்டறிவதும் எளிதாகிறது.

கசிவு வாயு

எஞ்சின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்பட்டு எரியும்போது மிகுந்த அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக ரிங்குகள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் சூட்டில் ரிங் விரிவடையும். அந்த இடைவெளி வழியாகவும், ரிங்கின் ஓரங்கள் வழியாகவும் வாயுவின் ஒரு சிறு பகுதி கீழே உள்ள கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடுகிறது. இதுவே புளோ-பை எனப்படும் கசிவு வாயு. நம் ஊர்ப் பழைய கார் சந்தையில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்து, "பேக் கம்ப்ரஷன் இருக்கிறது" என்று சொல்வது இந்த வாயுவைத்தான்.

கசிவு வாயுவில் எரிந்த புகை மட்டும் இருப்பதில்லை. எரியாத பெட்ரோல் ஆவியும் காற்றுமே அதில் பெரும்பகுதி. எரியும் தீ சிலிண்டரின் விளிம்பை அடைவதற்கு முன்பே, அங்கே ஒதுங்கியிருக்கும் எரியாத கலவை ரிங்கைத் தாண்டிக் கீழே தள்ளப்படுவதே இதற்குக் காரணம். இதோடு நீராவியும் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. அதில் மிகப் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், ஒரு பங்கு கிராங்க்கேஸுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கிறது.

இந்த வாயுக்களை வெளியேற்றாவிட்டால் இரண்டு கேடுகள் வரும். முதலாவது, நீரும் அமிலமும் பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்து கரிய களிம்பாக மாறும். அது ஆயில் செல்லும் துளைகளை அடைத்து, தேய்மானத்தை உண்டாக்கும். இரண்டாவது, கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களையும் கேஸ்கட்டுகளையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே கசியும். எனவே கார்களின் தொடக்க காலத்திலிருந்தே கிராங்க்கேஸுக்கு ஏதாவது ஒரு மூச்சுக்குழாய் தேவைப்பட்டது.

சாலையை நோக்கிய குழாய்

பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்த தீர்வு மிக எளிமையானது. கிராங்க்கேஸிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, காரின் அடிப்பக்கம் சாலையை நோக்கித் திறந்திருக்கும். கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று, குழாயின் வாயில் சிறிது உறிஞ்சலை உண்டாக்கும். அந்த உறிஞ்சலில் உள்ளே இருக்கும் வாயு வெளியே இழுக்கப்படும். அதற்கு ஈடாக, ஆயில் ஊற்றும் மூடியில் உள்ள துளைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் இதில் பழுதாவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் குறைகள் இருந்தன. கார் ஓரளவு வேகமாக ஓடினால்தான் உறிஞ்சல் உண்டாகும். நகருக்குள் நின்று நின்று செல்லும் வண்டிகளில் காற்றோட்டம் ஏறக்குறைய இல்லாமலே போனது. அத்தகைய எஞ்சின்களில் களிம்பு விரைவில் சேர்ந்தது. குழாயிலிருந்து சொட்டிய ஆயில் சாலையின் நடுவே கறுப்புக் கோடாகப் படிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் குழாய்க்கு மாற்று தேட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. டாங்கிகள் ஆழமான நீரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. கீழ்நோக்கித் திறந்த குழாய் இருந்தால் அதன் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்துவிடும். எனவே கிராங்க்கேஸை மூடி, அதன் வாயுவை எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையிலேயே இணைக்கும் முறை பயன்படுத்தப்பட்டது. கருத்து புதிதல்ல, செய்து காட்டப்பட்டதுதான். ஆனாலும் போர் முடிந்த பின் சாதாரண மக்களின் கார்களில் பழைய திறந்த குழாயே தொடர்ந்தது. தொடர்வதற்குக் காரணம், வெளியே போன வாயுவால் கார் உரிமையாளருக்கு எந்த நேரடி நட்டமும் இல்லை என்பதே. நட்டம் தெருவில் மூச்சு விட்டவர்களுக்குத்தான்.

லாஸ் ஏஞ்சலஸின் புகைப்பனி

1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடர்த்தியான புகைப்பனி மூடியது. கண்கள் எரிந்து நீர் வடிந்தன, தொண்டை கரகரத்தது. போர்க்காலமானதால் எதிரியின் நச்சு வாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். முதலில் பழி, செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்த ஆலை ஒன்றின் மீது விழுந்தது. அந்த ஆலை தற்காலிகமாக நிறுத்தப்பட்டும் புகைப்பனி குறையவில்லை. 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம் அமைக்கப்பட்டது. ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், குப்பை எரிப்பு எனக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1957இல் வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிப்பதும் தடை செய்யப்பட்டது. அப்போதும் கண் எரிச்சல் தீரவில்லை.

உண்மையான காரணத்தைக் கண்டறிந்தவர் ஏரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்த இந்த வேதியியலாளர், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அன்னாசிப் பழத்தின் மணத்துக்கு எந்தெந்த வேதிப்பொருள்கள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதே முறையில் நகரத்துக் காற்றையும் குளிர்வித்துப் பிரித்துப் பார்த்தார். பெட்ரோல் ஆவியில் உள்ள ஹைட்ரோகார்பன்களும், எரிதலில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்று அவர் காட்டினார். இழுத்து வளைத்த ரப்பர் துண்டு ஓசோனால் வெடிப்பு விடும் வேகம், அன்றைய ஆய்வுகளில் ஓர் அளவுகோலாகப் பயன்பட்டது. 1952இல் அவர் இந்த வேதியியலை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்.

இதன் பொருள் தெளிவாக இருந்தது. புகையாகக் கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாசு அல்ல. கண்ணுக்கே தெரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் மாசுதான். இலட்சக்கணக்கான கார்கள் ஓடும் நகரில் அந்த ஆவியின் முக்கிய ஊற்று கார்களே. எண்ணெய்த் தொழில் துறையினர் இந்த முடிவை எதிர்த்தனர். ஆயினும் பின்வந்த ஆய்வுகள் ஹாகன்-ஸ்மிட்டின் பக்கமே நின்றன. பின்னாளில் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார்.

கடிதங்களும் தாமதமும்

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மேற்பார்வையாளர்களுள் ஒருவரான கென்னத் ஹான், 1953இல் தொடங்கிக் கார் நிறுவனங்களுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். மாசைக் குறைக்க என்ன ஆராய்ச்சி நடக்கிறது, கருவிகள் எப்போது வரும் என்பதே அவர் கேள்வி. ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து வந்த ஆரம்பகாலப் பதில், காரின் வாயுக்கள் காற்றில் விரைவில் கலைந்துவிடுவதால் அவை ஒரு சிக்கலே அல்ல என்ற தொனியில் இருந்தது. நிறுவனங்கள் பின்னர் கூட்டாக ஆராய்ச்சி நடத்த ஒப்புக்கொண்டு, 1955இல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் தொடர்பான காப்புரிமைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடும் செய்துகொண்டன.

அன்றைய கவனம் முழுவதும் சைலன்சர் குழாயின் மேல்தான் இருந்தது. கிராங்க்கேஸிலிருந்து வருவது அற்பம் என்று எண்ணப்பட்டது. 1959இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. கட்டுப்பாடு இல்லாத ஒரு கார் வெளியிடும் மொத்த ஹைட்ரோகார்பன்களில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கிராங்க்கேஸ் குழாய் வழியாகவே போகிறது என்பது பின்னர் பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இந்தப் பங்கை நிறுத்துவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. போர்க்கால டாங்கிகளில் பார்த்த அதே முறை போதும். 1959 இறுதியில் அமெரிக்கக் கார் நிறுவனங்கள், 1961 மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்கும் கார்களில் இந்த அமைப்பைப் பொருத்துவதாக அறிவித்தன.

வால்வு செயல்படும் முறை

எஞ்சின் காற்றை உறிஞ்சும் இன்டேக் மேனிஃபோல்டில், சிலிண்டர்களின் இழுப்பால் வெற்றிடம் உண்டாகிறது. பி.சி.வி. அமைப்பு அந்த வெற்றிடத்தைக் கிராங்க்கேஸோடு ஒரு ஹோஸ் மூலம் இணைக்கிறது. கார் நின்றாலும் ஓடினாலும், எஞ்சின் சுற்றும்வரை உறிஞ்சல் இருக்கும். பழைய குழாயைப் போல வண்டியின் வேகத்தை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் வெற்றிடம் மிக அதிகம், ஆனால் கசிவு வாயு மிகக் குறைவு. மேட்டில் ஏறும்போது வெற்றிடம் குறைவு, ஆனால் கசிவு வாயு அதிகம். தேவையும் இழுப்பும் நேர்மாறாக இருக்கின்றன. இதைச் சரிசெய்யவே வால்வு இருக்கிறது. அதன் உள்ளே கூம்பு வடிவில் ஒரு சிறு உலோகத் தண்டும் ஒரு ஸ்பிரிங்கும் உள்ளன. வெற்றிடம் அதிகமானால் தண்டு இழுக்கப்பட்டு வழியைக் குறுக்கும். வெற்றிடம் குறைந்தால் ஸ்பிரிங் தண்டைப் பின்னே தள்ளி வழியை அகலமாக்கும். எஞ்சின் பின்வெடிப்புக் கொடுத்தால் தண்டு எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு வழி முழுவதும் மூடிக்கொள்ளும். தீ கிராங்க்கேஸுக்குள் போய் ஆவியைப் பற்ற வைக்காமல் இருக்க இது பாதுகாப்பு.

முதலில் வந்தவை திறந்த வகை அமைப்புகள். துளையுள்ள ஆயில் மூடி வழியாகவே புதுக் காற்று உள்ளே வந்தது. கசிவு வாயு அளவுக்கு மீறினால் அதே மூடி வழியாக வெளியேயும் போனது. பின்னர் மூடிய வகை வந்தது. இதில் ஆயில் மூடி இறுக்கமானது. புதுக் காற்று, ஏர் ஃபில்டரிலிருந்து தனி ஹோஸ் மூலம் வருகிறது. மிஞ்சிய வாயுவும் அதே ஹோஸ் வழியே ஏர் ஃபில்டருக்குத் திரும்பி எஞ்சினுக்குள்ளேயே போகிறது. வெளியே போக வழியே இல்லை.

சட்டமும் வழக்கும்

கலிபோர்னியா 1960இல் வாகன மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, அதற்கென ஒரு வாரியத்தையும் அமைத்தது. 1963இல் அங்கு விற்கப்படும் உள்நாட்டுப் புதிய கார்களுக்குக் கிராங்க்கேஸ் கட்டுப்பாடு கட்டாயமானது. அதே 1963 மாடல் முதல் நிறுவனங்கள் நாடு முழுவதும் இந்த அமைப்பைப் பொருத்தின. 1968 மாடல் முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி, கிராங்க்கேஸிலிருந்து வாயு வெளியேறுவதையே தடை செய்தது.

கலிபோர்னியாவில் 1961இல் கிடைத்த கருவி மற்ற மாநிலங்களுக்கு ஏன் 1963 வரை வரவில்லை என்ற கேள்வி பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை, கார் உற்பத்தியாளர் சங்கத்தின் மீதும் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர், அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களின் மீதும் வழக்குத் தொடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வெளியிடாமல் கூடிப் பேசித் தாமதப்படுத்தினார்கள் என்பதே குற்றச்சாட்டு. அதில் பி.சி.வி. அமைப்பைக் கலிபோர்னியாவுக்கு வெளியே தாமதப்படுத்தியதும் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டது. அதே ஆண்டு வழக்கு இரு தரப்பு இணக்கத்தின் பேரில் முடிந்தது. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அத்தகைய கூட்டு ஏற்பாடுகளைக் கைவிடவும், தொடர்புடைய காப்புரிமைகளைப் பிறர் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கவும் ஒப்புக்கொண்டன.

ஐரோப்பாவில் 1970இல் வந்த வாகன மாசு விதிகளில் கிராங்க்கேஸ் வாயுவுக்குத் தனிச் சோதனை இடம்பெற்றது. இந்தியாவில் புதிய கார் மாடல்களுக்கு ஒப்புதல் அளிக்கும் சோதனைகளிலும் இது மூன்றாம் வகைச் சோதனையாக உள்ளது.

கார்புரேட்டர் காலத்துப் பழுதுகள்

பழைய திறந்த குழாய்க்குப் பராமரிப்பு தேவைப்படவில்லை. பி.சி.வி. வால்வுக்கோ தேவைப்பட்டது. ஆயில் ஆவியும் கரியும் அதன் வழியே எந்நேரமும் போவதால் தண்டு ஒட்டிக்கொள்ளும். வால்வு அடைத்துக்கொண்டால், வெளியே வழியில்லாத கிராங்க்கேஸில் களிம்பு முன்னைவிட வேகமாகச் சேரும். திறந்த குழாயில் பழகிய மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் இந்த வால்வைக் கவனிக்காமல் விட்டதுண்டு. கலிபோர்னியாவில் பழைய கார்களிலும் இதைப் பொருத்தச் செய்ய எடுக்கப்பட்ட முயற்சி, 1960களின் நடுவில் பொதுமக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் கற்றுக்கொண்ட முக்கியப் பாடம், பி.சி.வி. வால்வு வழியே வருவதும் எஞ்சினின் காற்றுக் கணக்கில் சேர்ந்தது என்பதே. ஐடிலிங்கில் எஞ்சினுக்குள் போகும் காற்றில் குறிப்பிடத்தக்க பங்கு இந்த வால்வு வழியாகத்தான் போகிறது. அடைத்த வால்வோடு ஓடும் எஞ்சினில் ஒருவர் கார்புரேட்டரைத் திருகி ஐடிலிங்கைச் சரிசெய்து வைத்திருப்பார். பிறகு புது வால்வு போட்டதும் கூடுதல் காற்று உள்ளே வரும். கலவை மெலிந்து எஞ்சின் மிஸ் அடிக்கும். பழுது புது வால்வில் இல்லை, பழைய அடைப்புக்கு ஏற்பச் செய்த திருகலில் இருக்கிறது. வால்வை மாற்றினால் ஐடிலிங்கையும் கலவையையும் மறுபடி அமைக்க வேண்டும் என்பது இதனால் விதியானது.

மின்னணுக் காலம்

கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தபோது காற்றுக் கணக்கு இன்னும் கடுமையானது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. பல கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்துள்ள ஒரு சென்சார், உள்ளே வரும் காற்றை அளக்கிறது. கிராங்க்கேஸுக்குப் போகும் புதுக் காற்றும் இந்த சென்சாரைத் தாண்டிய இடத்திலிருந்தே எடுக்கப்படுவதால் அதுவும் அளக்கப்பட்ட காற்றே. ஆனால் ஹோஸில் விரிசல் இருந்தாலோ, ஆயில் மூடி சரியாக மூடாவிட்டாலோ, டிப் ஸ்டிக் முழுவதும் உள்ளே இறங்காவிட்டாலோ, அளக்கப்படாத காற்று உள்ளே புகும். கணினி குறைந்த காற்றுக்கு உரிய பெட்ரோலையே கொடுக்கும். ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்திருப்பதைச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, தன் வரம்பைத் தொட்டதும் எச்சரிக்கை விளக்கை எரிய விடும். கலவை மெலிவைக் குறிக்கும் பி0171 என்ற பிழை எண், இந்த வகையில் அடிக்கடி காணப்படுவது.

வால்வின் வடிவமும் மாறியது. பல ஐரோப்பிய எஞ்சின்களில் ஸ்பிரிங் வால்வுக்குப் பதில் ரப்பர் சவ்வு வந்தது. ஆயில் துளிகளைப் பிரித்தெடுக்கும் பெட்டியும் அதோடு சேர்ந்தது. 1990களின் ஐந்து சிலிண்டர் வோல்வோ எஞ்சின்களில் இந்தப் பெட்டி இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அது அடைத்தால் எஞ்சினின் ஆயில் சீல்கள் கசியும். அதை மாற்ற மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும். வேறு சில எஞ்சின்களில் சவ்வு டேப்பட் கவரின் உள்ளேயே அமைந்துள்ளது.

வால்வு வேலை செய்யாவிட்டால் மாசு வெளியேறும் என்பதால், கலிபோர்னியா விதிகள் 2002 மாடல் முதல் படிப்படியாக, பி.சி.வி. ஹோஸ் கழன்றிருப்பதைக் காரின் கணினியே கண்டுபிடிக்க வேண்டும் என்று கோரின.

மாற்றிய பின் பழுதறிதல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பழுதறியும் முறை தானாகவே கிடைக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: காற்று எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது.

முதலில், வேலை செய்தபோது கைபட்ட இடங்களைப் பார்க்க வேண்டும். ஹோஸ் முழுவதும் செருகப்பட்டதா, கிளிப் மாட்டப்பட்டதா, பழைய ஹோஸ் கழற்றும்போது விரிந்ததா, மின் கனெக்டர் விடுபட்டதா என்று சரிபார்க்க வேண்டும். மேனிஃபோல்டு கழற்றப்பட்டிருந்தால் அதன் கேஸ்கட் மீதும் ஐயம் கொள்ளலாம். மாற்றிய உடனே தோன்றும் கோளாறுகளில் பல இந்த இடங்களிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, போட்ட வால்வு அந்த எஞ்சினுக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் வால்வுகளின் ஸ்பிரிங்கும் துளையும் வேறுபடும். தவறான வால்வு ஐடிலிங்கில் அதிகக் காற்றை விடும், அல்லது ஆயிலை இழுக்கும். பாக எண்ணைக் கொண்டே வாங்க வேண்டும்.

மூன்றாவது, கிராங்க்கேஸின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதன் வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தால், அது மெதுவாக உள்ளே இழுபட வேண்டும். ரப்பர் கையுறையை அங்கே மாட்டிப் பார்ப்பதும் உண்டு. கையுறை உப்பினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, அமைப்பில் இன்னும் அடைப்பு உள்ளது, அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, வால்வால் தாங்க முடியாத அளவு வாயு இறங்குகிறது. இரண்டையும் பிரித்தறிய கம்ப்ரஷன் சோதனை உதவும். ரிங் தேய்ந்த எஞ்சினில் எத்தனை வால்வு மாற்றினாலும் பயனில்லை. மாறாக, கையுறை பலமாக உள்ளே இழுக்கப்பட்டாலோ, மூடியைத் திறக்கவே கடினமாக இருந்து விசில் சத்தமும் கேட்டாலோ, சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காவது, ஸ்கேனர் இருந்தால் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது என்று பார்க்கலாம். ஐடிலிங்கில் அதிகமாகக் கூட்டி, 2500 சுற்று வேகத்தில் இயல்புக்குத் திரும்பினால், எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். ஐடிலிங்கில் மொத்தக் காற்று குறைவாதலால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடக் கூட அதே கசிவு பொருட்டில்லாமல் போகும். எல்லா வேகத்திலும் மெலிவு இருந்தால் எரிபொருள் அழுத்தத்தையோ காற்று சென்சாரையோ ஆராய வேண்டும். கசிவு இருக்கும் இடம் தெரியாவிட்டால் இன்டேக் பாதையில் புகை செலுத்திப் பார்ப்பது மிகத் தெளிவான சோதனை.

ஐந்தாவது, நீலப்புகை. முன்பு அடைத்திருந்த அமைப்பில் இன்டேக் பாதைக்குள் தேங்கிய ஆயில், மாற்றிய பிறகும் சிறிது காலம் எரியும். அது குறைந்துகொண்டே வந்தால் கவலையில்லை. குறையாவிட்டால், ஆயில் பிரிக்கும் தடுப்புத் தகடு சரியாக இருக்கிறதா, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் ஐடிலிங் மட்டும் ஒழுங்கற்றிருந்தால், அந்தக் கார்புரேட்டர் காலத்துப் பாடமே இங்கும் பொருந்தும். பழைய கசிவுக்கோ அடைப்புக்கோ ஏற்பக் கணினி தன் கணக்கைப் பழக்கியிருக்கும். பிழை எண்களை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அது புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

தொல்லை தாங்காமல் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, கிராங்க்கேஸ் குழாயைக் கீழே திறந்து விடுவோரும் உண்டு. எஞ்சின் அப்போது அமைதியாக ஓடலாம். ஆனால் அது 1961க்கு முந்தைய நிலைக்குத் திரும்புவதே. கோளாறு தீர்வதில்லை, அந்த வண்டிக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவரின் மூச்சுக்கு இடம் மாறுகிறது. ஒரு ஹோஸையும் கிளிப்பையும் பொறுமையாகச் சோதிப்பதற்கு ஆகும் அரை மணி நேரத்தின் மதிப்பு அதுதான்.